தீர்ப்புச் சொல்லாத டீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர், என் மகளைக் கையில் போட்டுக்கொண்டு எனக்கு எதிராகச் சாட்சியம் தயார் பண்ணுகிறார் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. பொலிஸ் வந்தால் எந்தச் சட்டையோடு போவது என்பது வரைக்கும் யோசித்து, நீலக் கோடு போட்ட சட்டையை மனைவியிடம் கொடுத்து இஸ்திரி போடச் சொல்லியிருந்தேன். ஜெயிலுக்குப் போனாலும் மடிப்புக் கலையாமல் போக வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம்.

"என்னாங்க, எங்க பயணம்?" என்றாள் மனைவி.

"தெரியல்ல. கூப்பிட்டா போகணும்."

"யாரு கூப்பிடப் போறா ஒங்கள? கல்யாண வீட்டுக்கே ரெண்டு தரம் சொன்னாத்தான் போற ஆளு." சட்டையில் தண்ணீரைத் தெளித்து, கொதிக்கிற பெட்டியை அதன் மேல் வைத்தாள். என் முதுகில் வைத்த மாதிரி இருந்தது.

அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. கலவானப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே பள்ளிக்கூடம், அதே கணக்கு. தலைமுடி மட்டும் கழிந்துகொண்டே போகிறது. டீச்சர் இடமாற்றம் வாங்கிப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. பெயர் சொல்ல வேண்டாம். இங்கே இருக்கும்போதே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தமிழ் டீச்சர் என்றால் அவர் ஒருவர்தான். சம்பளப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற நேரம் தவிர அவருக்கே தன் பெயர் நினைவிருந்திருக்குமா என்பது சந்தேகம்.

டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து, சந்தியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறி வருவார். வந்ததும் ஸ்டாப் ரூம் பெஞ்சில் உட்கார்ந்து, காலில் ஏறியிருக்கிற அட்டைகளை உப்புத் துணியால் ஒற்றி எடுத்து ஜன்னலுக்கு வெளியே போடுவார். கோபமும் இல்லை, அருவருப்பும் இல்லை. யாருடைய பிள்ளையோ தன் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்ட மாதிரி மெதுவாக இறக்கி விடுவார். பிறகு கித்துள் பனைக் கருப்பட்டியில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு பால் விடாத சாயத்தண்ணி. குடித்து முடித்ததும் சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

"தூங்குறீங்களா டீச்சர்?"

"இல்ல சார். மூடி வச்சிருக்கேன்."

மணி அடித்தால் எழும்பி, சேலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வகுப்புக்குப் போவார். என்னை விட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். அலுப்பில் என்னை விட நூறு வயது மூத்தவர். அந்த அலுப்பை அவர் யாரிடமும் முறையிட்டதில்லை. குடையைப் போலக் கூடவே கொண்டுவந்து, மூலையில் சாத்தி வைத்து, போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போவார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது. இடுப்பளவு உயரத்துக்கு ஒரு பலகைத் தட்டிதான். அந்தப் பக்கம் தமிழ் நடந்தால் இந்தப் பக்கம் கணக்கு நடக்கும். ஆகவே அவர் படிப்பித்த கவிதைகள் எல்லாவற்றையும் நானும் அரைகுறையாகப் படித்தவன்தான். முக்கியமாக அம்மா, அப்பா, பிள்ளை வருகிற கவிதைகள். அவருக்கு அதுதான் பைத்தியம். நிலாவும் பூவும் வந்தால் ஒரே பாடவேளையில் ஓட்டி முடித்துவிடுவார். தகப்பன் ஒருவன் வந்து கதவருகே நின்றுவிட்டால் வாரக்கணக்கில் அவனை உள்ளேயும் விடமாட்டார், வெளியேயும் விடமாட்டார்.

ஒருநாள் கரும்பலகையில் ஒரு கவிதையை எழுதிப் போட்டார். எந்தப் புத்தகத்தில் இருந்து என்று சொல்லவில்லை. தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்து நானும் வாசித்தேன்.

அம்மா எனக்குப் புதுச் சட்டை எடுத்தாள்.
தலை நிறைய எண்ணெய் வைத்து
இரட்டைப் பின்னல் பின்னினாள்.
பின்னி முடியும் வரைக்கும்
வாசலில் நின்ற ஆளையே பார்த்தாள்.
சட்டை ஓர் அளவு பெரிது.
வளர்ந்துவிடுவாய் என்றாள்.

"அந்தாளு யாரு டீச்சர்?"

"கூட்டிட்டுப் போக வந்தவரு. டவுன்ல ஒரு வீட்டு வேலைக்கு."

"அப்ப அந்த அம்மா மோசம்" என்றாள் ஒரு பிள்ளை.

"புதுச் சட்டை எல்லாம் எடுத்துக் குடுத்திருக்கே" என்றான் ஒரு பையன்.

"போடா. விக்கிறதுக்கு முன்னுக்கு ஆட்டையும்தான் குளிப்பாட்டுவாங்க."

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "கை எங்க இருக்கு?" என்று கேட்டார். அதுதான் அவருடைய கேள்வி. எந்தக் கவிதைக்கும் முதல் கேள்வி. பாசமா, கோபமா, பரிவா என்றெல்லாம் கேட்கமாட்டார். கை எங்கே, கண் எங்கே, யார் நிற்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள். மனசு எங்கே என்று அப்புறம் பார்க்கலாம் என்பார். அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை.

"கை தலையில டீச்சர்."

"கண்ணு?"

"வாசல்ல."

"ம்."

"நல்ல அம்மாவா, கெட்ட அம்மாவா? முடிவு சொல்லுங்க டீச்சர்!"

"ரெண்டும் இருக்கலாம். மணி அடிச்சிருச்சு, புத்தகத்த மூடுங்க."

எனக்கு எரிச்சலாக வரும். என் பக்கத்தில் எக்ஸுக்கு விடை ஒன்றுதான். ஸ்டாப் ரூமில் ஒருநாள் சொன்னேன்: "டீச்சர், நீங்க அங்க ரெண்டும் இருக்கலாம்னு சொல்லப் போயி, இங்க என் பிள்ளைங்க விடை நாலாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம்னு எழுதுதுங்க."

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நாலுக்கும் ஏழுக்கும் தாய் தகப்பன் இல்ல சார். அதுகள் நிம்மதியா ஒரு விடையோட இருக்கும்."

அதிபருக்கு வேறு கவலை. அவர் சிங்களமும் தமிழும் கலந்து பேசுகிற நல்ல மனிதர். பிள்ளைகள் பாஸாக வேண்டும் என்பதைத் தவிர வேறு கெட்ட எண்ணம் இல்லாதவர். தவணைப் பரீட்சையில் 'தந்தையின் அன்பு எவ்வாறு வெளிப்படுகிறது' என்று ஒரு கேள்வி. ஒரு பையன் 'அன்பா என்று தெரியவில்லை, ஆனால் கையை விடவில்லை' என்று எழுதி வைத்திருந்தான். டீச்சர் அதற்கு முழுப் புள்ளி போட்டிருந்தார். அதிபர் விடைத்தாளை ஆட்டிக்கொண்டு ஸ்டாப் ரூமுக்கே வந்துவிட்டார்.

"ஹரி டீச்சர்" என்று சிங்களத்தில் ஒத்துக்கொண்டு ஆரம்பித்தார். "நீங்க சொல்றது சரி. ஆனா கைடு புத்தகத்துல அன்புன்னுதானே இருக்கு. வெளிய திருத்துறவன் புள்ளி போட மாட்டான். பிள்ளைங்க பாஸாக வேணாமா?"

"பாஸாகட்டும் சார். அதுக்காக ஒலகத்துல இருக்கிற தகப்பனுங்க எல்லாத்தையும் நான் நல்லவனாக்க முடியுமா?"

அதிபர் என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

இப்படித் தீர்ப்பே சொல்லாத மனுஷி என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஒரு சின்னப் பிள்ளையின் விஷயம் நடந்தது. ஆறாம் வகுப்பில் 'என் தந்தை' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார். வழக்கம்போல எல்லாரும் எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளையின் கட்டுரையை மட்டும் தனியே எடுத்து வைத்து, பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பிள்ளையோடு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு நடந்து போனார். மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை பக்கத்துத் தோட்டத்தில் அத்தை வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வந்தது. தகப்பனைப் பொலிசுக்குக் கூப்பிட்டார்கள்.

"அப்படி என்னா டீச்சர் எழுதியிருந்திச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் எழுதல்ல சார். என் தந்தை அன்பானவர், பண்பானவர், பாசமானவர். ஒரு பக்கம் முழுக்க அதான். அந்தாளு அந்தக் கட்டுரையில எங்கயும் உக்காரல்ல, சாப்பிடல்ல, ஒரு சாமானத் தொடல்ல. பயந்த பிள்ளதான் அப்படி எழுதும்." பிறகு சொன்னார்: "அது மட்டும் இல்ல. பிள்ள நடக்கிறதையும் பாத்தேன்."

அன்றைக்கு அவர் கருப்பட்டியைத் தொடவில்லை.

இதைச் சொல்லி வைத்தால்தான் என் பீதி விளங்கும்.

எங்கள் வீடு இருப்பது மலைச் சரிவுக்குக் கீழே. மனைவி தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை; அதனால் கிடைத்த வீடு. மழை கூடினால் மண் சரியக்கூடிய இடம் என்று அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, ஒரு மழைமானியைக் கொண்டுவந்து, 'கணக்கு சார்தானே, நீங்களே பாருங்க' என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாய். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் நான் விசில் ஊத வேண்டும். லயத்துச் சனம் எல்லாம் பள்ளிக்கூட மண்டபத்துக்கு நடக்க வேண்டும். ஒரு பயந்தாங்கொள்ளியிடம் விசிலைக் கொடுத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. மேகம் கறுத்தாலே குழாயடியில் போய் நிற்பேன். கோட்டுக்குக் கீழே தண்ணீர் இருக்கும்போதே ஊதிவிடுவேன். சனம் பாய் தலையணையோடு மேலே ஏறி உட்கார்ந்ததும் வெயில் அடிக்கும். 'மழை மாஸ்டர்' என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். கடைக்குப் போனால், "சார், இன்னைக்குத் துணி காயப் போடலாமா?" என்று கேட்பார்கள்.

மண்டபத்துக்குப் போகிற பாதை ஓடையைத் தாண்டிப் போகிறது. அதற்கு முந்தின வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் இப்படித்தான் ஓடை தாண்டும்போது ஒரு தகப்பனின் கையிலிருந்து பிள்ளையின் கை வழுக்கிப் போனது. பிள்ளையை வெகு கீழேதான் எடுத்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன். போயிருக்கக் கூடாது. அந்தத் தகப்பன் அழவில்லை. கையை விரிப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

அதற்குப் பிறகு, விசில் ஊதினால் நான் செய்கிற முதல் வேலை, மனைவியின் பழைய சேலையில் கிழித்த துணியால் மகளின் மணிக்கட்டை என் மணிக்கட்டோடு கட்டுவது. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. மற்றப் பிள்ளைகள் குடையோடு குதித்துப் போகும்போது இவளை மட்டும் நான் சந்தைக்கு ஓட்டிப் போகிற மாதிரி இழுத்துக்கொண்டு போவேன். பையன்கள் பின்னாலிருந்து 'ம்மே' என்று கத்துவார்கள். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். ஒன்றும் சொல்லாததால் ஒன்றும் இல்லை என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

பெற்றோர் தினத்துக்கு முந்தின வாரம். நான் ஒன்பதாம் வகுப்பில் சமன்பாடு போட்டுக்கொண்டிருக்கிறேன். தட்டிக்கு அந்தப் பக்கம் டீச்சர் மேடையில் வாசிக்கப் போகிற பிள்ளைகளை ஒத்திகை பார்க்கிறார். என் மகளின் குரல் கேட்டது.

மழை வந்தால்
அப்பா என் கையைக் கட்டுவார்.
ஒரு முனை எனக்கு,
மறு முனை அவருக்கு.
இறுக்கமா என்று கேட்பார்.
இல்லை என்பேன்.
இன்னும் ஒரு முடிச்சுப் போடுவார்.

அவ்வளவுதான் கவிதை. எக்ஸ் சமன் என்று எழுதிய கை அப்படியே பலகையில் நின்றுவிட்டது. "சார், எக்ஸ் சமன் என்னா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். "ரெண்டும் இருக்கலாம்" என்று என் வாயிலிருந்து வந்தது.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இல்லை, பொய் சொல்லக் கூடாது. இறங்கியது, ஆனால் ருசி தெரியவில்லை. கவிதையை மனதுக்குள் போட்டு உருட்டினேன். நல்ல பக்கம் பார்த்தால், அப்பா கேட்கிறார், இறுக்கமா என்று அக்கறையாகக் கேட்கிறார். கெட்ட பக்கம் பார்த்தால், கேட்டுவிட்டு மேலும் இறுக்குகிறார். பிள்ளை இல்லை என்கிறது. இறுக்கமாக இல்லை என்றா, பயத்தில் இல்லை என்றா? கை எங்கே இருக்கிறது? கட்டிக் கிடக்கிறது! யார் கட்டியது? கணக்கு சார்! ஊர் முழுக்க உட்கார்ந்து கேட்கும். கல்வி அதிகாரிகள் வருவார்கள். டீச்சர் ஏற்கெனவே ஒரு தகப்பனைப் பொலிசுக்கு அனுப்பியவர். இப்போது என் பெண்ணையே ஒத்திகை பார்க்க வைத்திருக்கிறார். சட்டை இஸ்திரிக்குப் போனது இந்தக் கட்டத்தில்தான்.

மனைவியிடம் சொன்னேன். அவள் கவிதையைக் கேட்டுவிட்டு, "கட்டுனது நீங்கதானே? பிள்ள இருக்கிறதத்தானே சொல்லுது?" என்றாள்.

"அதுதான் பயமா இருக்கு."

"அப்ப பிள்ளகிட்டக் கேளுங்க."

"என்னான்னு கேக்குறது? என்னைய வெறுக்கிறியான்னா?"

"ஏன், அந்த வார்த்த வாயில வராதா? விசில் மட்டும் நல்லா வருது."

மகளிடம் கேட்கத் தைரியம் வராமல், சனிக்கிழமை டவுனுக்கு பஸ் ஏறி டீச்சரிடம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும். அங்கே அவரும் அவருடைய அம்மாவும். ரம்புக்கனைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்று அதுவரைக்கும் கேள்விதான். அம்மாவை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிறுத்துப் போன கிழவி, நாற்காலியில். டீச்சர் கீழே உட்கார்ந்து அந்த அம்மாவின் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார்.

"மெதுவா வெட்டுடி, சனியனே."

"ஆடாம இரு. ஆடினா சதையோட வரும்."

"வரட்டும். ஒனக்கு அதுதானே வேணும்."

நான் வாசலில் நின்று வழக்கம்போலப் பாடம் படிக்க ஆரம்பித்துவிட்டேன். கை எங்கே? டீச்சரின் இடது கை அம்மாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. கண்? நகத்தில். கிழவியின் மற்றக் கை டீச்சரின் தலை மேல் இருந்தது. தாங்கலுக்கு வைத்ததா, தடவிக்கொடுக்க வைத்ததா, அமுக்கி வைத்ததா? ஒன்றும் பிடிபடவில்லை.

"வாங்க சார். இருங்க. ஒரு கைதான் பாக்கி."

கிழவி என்னைப் பார்த்துப் பல்லில்லாமல் சிரித்தது. "வாத்தியாரா? கேளுங்க தம்பி. சின்னதுல இவள கொழும்புல ஒரு வீட்டுக்கு நான்தான் அனுப்பி விட்டேன். அந்தக் கோவத்துக்கு இப்ப நகத்துல பழி வாங்குறா."

"ஆமா, அப்படியே இருக்கட்டும்" என்றார் டீச்சர். "அந்தக் கையக் குடு."

கிழவி கையைக் கொடுத்தது.

வெட்டி முடித்து, துணியை உதறி, கை கழுவிவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வேர்த்தது. கவிதை நன்றாக இருக்கிறது என்றேன். மகளுக்கு இன்னும் வயது இருக்கிறது என்றேன். வேறு ஒரு கவிதை, மரம் செடி பற்றி, நானே எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

"எது சார் பயம்?" என்றார். "பிள்ளைக்கு ஒங்க மேல வெறுப்புன்னா? இல்ல, ஊரு அப்படி நெனச்சுக்கும்னா?"

"ரெண்டும் டீச்சர்."

"ரெண்டும் இருக்கலாம்" என்றார் அலுப்பாக. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"நீங்க சொல்லுங்க டீச்சர். நீங்கதானே வாசிச்சீங்க. அந்தப் பிள்ள அந்த அப்பாவ என்னா நெனைக்குது?"

"எனக்கு எப்படித் தெரியும் சார்? நான் ஏழு வரிதானே வாசிச்சேன். நீங்க பதினாலு வருஷமா வாசிக்கிறீங்க."

"அப்ப நிப்பாட்ட மாட்டீங்களா?"

"நான் நிப்பாட்ட மாட்டேன். பிள்ள வேணாம்னு சொன்னா வேணாம். அது எழுதினது, அதுதான் சொல்லணும்."

உள்ளேயிருந்து கிழவி, "வாத்தியாருக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தத் தெரியல்ல, படிப்பிக்க மட்டும் வந்துட்டா" என்று சத்தம் போட்டது. டீச்சர் எழும்பிப் போனார்.

வெறுங்கையோடு திரும்பி வந்தேன். தப்புகிற வழியை நானே கண்டுபிடித்தேன். பெற்றோர் தினத்தன்று வருகிற பெரிய மனிதர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கிற பொறுப்பை வலியப் போய் வாங்கிக்கொண்டேன். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு அறை. அங்கே அண்டாவோடு அண்டாவாக நின்றுவிட்டால் கவிதை காதில் விழாது. விழுந்தாலும் முகத்தை அண்டா மட்டும்தான் பார்க்கும்.

அந்த நாளும் வந்தது. மகளின் பெயரைக் கூப்பிடுவதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் முன்னால், டீச்சர் அந்த அறைக்கு வந்தார். என் கையிலிருந்த தட்டைப் பிடித்தார். நான் விடவில்லை. அவரும் விடவில்லை. கோப்பைகள் கிலுங்கின.

"குடுங்க சார். தேத்தண்ணிய நான் பாத்துக்கிறேன். நீங்க போயி முன்னுக்கு உக்காருங்க."

"நீங்கதானே டீச்சர் பழக்குனீங்க. நீங்க கேக்க வேணாமா?"

"நான் கேட்டுட்டேன். போங்க."

போனேன். அந்தப் பகுதியைப் பிறகு சொல்கிறேன். முடிந்த பிறகு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இறப்பர் பால் வெட்டுகிற ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா கொழுந்தெடுக்கப் போறப்ப என்னைய மரத்துல கட்டி வச்சிட்டுத்தான் போவாங்க சார். இன்னைக்குத்தான் நெனப்பு வந்திச்சு" என்றார். நல்ல நினைப்பா கெட்ட நினைப்பா என்று அவர் சொல்லவில்லை. இன்னொருவர், "சார், பிள்ளைக்கு வெக்கமா இருக்கும் சார், இனிமே கட்டாதீங்க" என்று காதில் ஓதினார். ஒரு தாய், "கட்டுனதுனாலதானே பிள்ள இன்னைக்கு மேடையில நிக்குது" என்று அவரோடு சண்டைக்குப் போனாள். அதிகாரிகள் கேக் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பொலிஸ் வரவில்லை. நீலக் கோட்டுச் சட்டை வீணாகவில்லை. அதைத்தான் அன்றைக்குப் போட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது கேட்டேன்: "அந்த அப்பா யாரு மகள்?"

"கவிதையில வர்ற அப்பா" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே.

நான் இன்னொரு அகப்பை சோறு போட்டுக்கொண்டேன். மனைவி கறிச் சட்டியைப் பார்த்துச் சிரித்தாள்.

கிழவி செத்த பிறகு டீச்சர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு கேகாலைப் பக்கம் போய்விட்டார். நான் சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். டீச்சர் அழுது நான் பார்க்கவில்லை. வந்தவர்களுக்குச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அருகே போய், "நல்லாப் பாத்துக்கிட்டீங்க டீச்சர்" என்று சம்பிரதாயமாகச் சொன்னேன். "பாத்துக்கிட்டேன் சார்" என்றார். "நல்லாவான்னு தெரியல்ல." எங்கள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிற அன்றைக்குச் சந்தியில் பஸ் ஏறும்போது என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாரா, நெற்றியில் வெயிலுக்கு வைத்தாரா என்பது இன்றைக்கும் தெரியாது. பிறகு ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேள்வி. எங்கே இருக்கிறார் என்று கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

மகள் இப்போது கொழும்பில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை செய்கிறாள். போன மாதம் லீவில் வந்திருந்தபோது, குசினியில் பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தோம். பால் ஒட்டாமல் இருக்க இரண்டு பேர் கையிலும் எண்ணெய். வெளியே மழை. நான் வழக்கம்போல எழும்பி ஜன்னலைப் பார்ப்பதும் உட்காருவதுமாக இருந்தேன். அவள் திடீரென்று கேட்டாள்: "அப்பா, பெற்றோர் தினத்துக்கு முன்னுக்கு டீச்சர் வீட்டுக்குப் போனீங்கதானே?"

"யாரு சொன்னா?"

"டீச்சர் சொல்லல்ல. நீங்க அன்னைக்கு வந்து டவுனுக்கு மீன் வாங்கப் போனேன்னு சொன்னீங்க. மீன் கொண்டாரல்ல."

நான் பலாக்காயைப் பார்த்தேன்.

"நீங்க அந்தக் கெழமை முழுக்கச் சரியாச் சாப்பிடாம என்னைய என்னையப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. எனக்கு ஒரு மாதிரி இருந்திச்சு. திங்கக்கெழமை டீச்சர்கிட்டப் போயி, நான் வாசிக்கல்ல டீச்சர், அப்பாவுக்கு நோகும், வேற பிள்ளைக்குக் குடுங்கன்னு சொன்னேன்."

பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்றுதானே டீச்சர் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"அவங்க என்னா சொன்னாங்க?"

"கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கிட்டு இருந்தாங்க. பெறகு, வாசி, ஒங்கப்பா தாங்குவாருன்னாங்க."

"ரெண்டும் இருக்கலாம்னு சொல்லல்லியா?"

"இல்ல. தாங்குவாருன்னுதான் சொன்னாங்க. ரெண்டு தரம் சொன்னாங்க."

அத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எந்தத் தகப்பனைப் பற்றியும் அவர் இதுதான் என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னது ஒரே ஒரு தடவை. அதுவும், இரண்டு நாளுக்கு முன்னால் மரம் செடி பற்றிக் கவிதை எழுதித் தருகிறேன் என்று தன் வீட்டு வாசலில் வேர்த்து நின்ற ஒருவனைப் பற்றி.

அன்றைக்கு மண்டபத்தில் நடந்தது இவ்வளவுதான். மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் மேடைக்கு வந்து என்னைப் பார்க்காமல் ஏழு வரியையும் வாசித்தாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, கடைசி வரி வரைக்கும் கேட்டேன்.